நத்தைகளுக்கு ஒரு ஃபிரிட்ஜ்

எங்கள் வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ்கள் இருக்கின்றன. குசினியில் இருப்பது எங்களுக்கு. கராஜில் இருப்பது நத்தைகளுக்கு. காலையில் வேலைக்குப் புறப்படுவதற்கு முன்பு நான் கராஜைத் திறந்து, அந்தப் பழைய ஃபிரிட்ஜின் கதவை மெதுவாக இழுத்து, உள்ளே தொங்கும் வெப்பமானி பத்துப் பாகையில் நிற்கிறதா என்று பார்ப்பேன். கதவில் ஒட்டியிருக்கும் தாளில் நேரத்தையும் பாகையையும் எழுதுவேன். போன கிழமை எதிர்வீட்டுக்காரர் தன் காரின் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டே, ஒவ்வொரு நாளும் கராஜுக்குள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். மகளின் நத்தைகளைப் பார்க்கிறேன் என்றேன். "லவ்லி" என்று சொல்லிவிட்டு அவர் மறுபக்கக் கண்ணாடிக்குப் போய்விட்டார். பதினெட்டு வருடங்களாக இல்ஃபோர்ட்டின் இந்தத் தெருவில் இருக்கிறேன். இந்த "லவ்லி"க்கு என்ன பொருள் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எங்கள் ஊர் வேலணையில் இப்படி ஒரு பதிலை ஒருவருக்குச் சொல்லியிருந்தால் பின்னேரத்துக்குள் நாலு பேர் வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்திருப்பார்கள். அதில் ஒருவராவது, பொம்பிளைப் பிள்ளைக்கு இது என்ன படிப்பு என்று கேட்டுவிட்டுத்தான் போயிருப்பார்.

மகளின் பெயர் ஆரணி. இருபத்துமூன்று வயது. கடலுயிர்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்கிறாள். அவளுடைய யூனிவேர்சிற்றி டெவன் கரையோரத்தில் இருக்கிறது. அவள் ஆராய்வது கெல்ப் என்ற கடற்தாவரத்தையும் அதைத் தின்னும் நத்தைகளையும். ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குக் கெல்ப் என்றால் என்னவென்று சொல்வது கடினம். எங்கள் கடலில் அது இல்லை. குளிர்ந்த கடலில், பாறையில் பிடித்துக்கொண்டு, ஆள் உயரத்துக்கும் மேலாக நிற்கும் தாவரம் அது. காம்பு கைத்தடி மாதிரி. அதன் உச்சியில் தோல்போலத் தடித்த பெரிய இலை, விரல்களாகக் கிழிந்து ஆடும். ஆயிரக்கணக்கில் ஒன்றாக நிற்கும்போது அதைக் காடு என்றே சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த கடற்தாவரம் சாதாழை ஒன்றுதான். கரையில் ஒதுங்கியதை வண்டியில் அள்ளிக்கொண்டுபோய்ப் புகையிலைத் தோட்டத்துக்குப் பசளையாக மண்ணுக்குள் தாட்பார்கள். எங்கள் குடும்பம் தோட்டக்காரக் குடும்பம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தது, ஆனாலும் முழங்காலுக்கு மேல் அதில் இறங்கியவர் எங்களில் யாரும் இல்லை. எனக்கு நீந்தத் தெரியாது. பிறகு ஒரு நாள் படகில் அந்தக் கடலைக் கடந்துதான் நான் வெளியேறினேன். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அன்றைக்குப் பிறகு இந்த வருடம்வரை நான் கடலில் கால் நனைத்ததில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

செப்டெம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தெரியாத இலக்கம், தெரியாத ஆண்குரல். நிதானமாகப் பேசினார். உங்கள் மகள் கடலில் கொஞ்சம் நனைந்துவிட்டாள், கையிலும் சின்ன அடி, மற்றப்படி நன்றாக இருக்கிறாள் என்றார். நானும் அதே நிதானத்தில் நன்றி சொல்லி, தலையைத் துடைக்க ஒரு துவாய் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். ஓம், கொடுத்திருக்கிறார்கள், அம்புலன்ஸில் நல்ல கனமான போர்வைகளும் இருக்கின்றன என்றார். அம்புலன்ஸ் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் நடந்தது சின்ன விஷயம் இல்லை என்று எனக்கு விளங்கியது. இந்த நாட்டில் ஒருவர் குரலை எவ்வளவு தாழ்த்துகிறாரோ அவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் என்றால் முதலில் குளறி அழுதிருப்பார்கள். பிள்ளை செத்துவிட்டாள் என்று நினைத்து விழுந்து, பிறகு உயிரோடு இருக்கிறாள் என்று கேட்டு எழும்பியிருப்பேன். இங்கே நான் நின்றபடியே கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தேன். இன்னும் முழுதாக எழும்பவில்லை.

நடந்தது இதுதான். அன்று பறுவம், அதாவது பௌர்ணமி, கழிந்த அடுத்த நாள். கடல் ஆகக் கூடுதலாக வற்றும் நாட்களில்தான் கெல்ப் நிற்கும் பாறைகளுக்கு நடந்தே போகலாம். ஆரணியும் அவளோடு படிக்கும் மேகன் என்ற பிள்ளையும் இலைகளையும் நத்தைகளையும் சேகரிக்கப் போயிருக்கிறார்கள். வேலை முடியவில்லை, இன்னும் பத்து நிமிடம் என்று ஆரணி நின்றிருக்கிறாள். கடல் திரும்பிவிட்டது. ஒரு பெரிய அலை அவளைப் பாறையிலிருந்து தட்டி, இரண்டு பாறைகளுக்கு இடையிலிருந்த ஓடைக்குள் போட்டுவிட்டது. மணிக்கட்டு முறிந்தது. தண்ணீரின் இழுவை கடல்பக்கமாக இருந்தது. மீட்புப் படகு வரும்வரை இருபது நிமிடம் தண்ணீருக்குள் இருந்திருக்கிறாள். நாயோடு உலாத்த வந்த ஒரு மனிதர் கண்டு தகவல் கொடுத்ததால் அந்த இருபது நிமிடம் நாற்பதாகவில்லை. நான் பாடிங்டனில் ரயில் ஏறி, இருக்க மனமில்லாமல் கதவோரத்தில் நின்றபடி, முருகா, பிள்ளையை முழுசாகக் கண்ணில் காட்டு, வாற கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிக்கிறன் என்று நேர்ந்துகொண்டேன். கலியாணம் செய்த நாளில் இருந்து என் மனைவி வதனிதான் அந்த விரதம் பிடிப்பாள். நான் ஆறாம் நாள் கோயிலுக்குப் போய்ச் சூரன்போர் பார்த்துவிட்டு வருகிற ஆள்.

கையில் மாவுக்கட்டோடு ஆரணி வீட்டுக்கு வந்தாள். ஒன்றரை மாதம் ஓய்வு. அவள் ஓய்வதாக இல்லை. மேகன் ஒரு வான் வண்டியில் முப்பது போத்தல்களைக் கொண்டுவந்து எங்கள் கராஜில் இறக்கினாள். வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் உப்புத் தண்ணீர், மண்ணிறமான ஒரு துண்டு கெல்ப் இலை, குமிழி விடும் மெல்லிய குழாய். பாதிப் போத்தல்களில் நத்தை உண்டு, பாதியில் இல்லை. நத்தை என்றதும் நான் முறுக்கிய ஓட்டை எதிர்பார்த்தேன். இது விரல்நகம் அளவில், தொப்பி கவிழ்த்ததுபோல இருந்தது. ஆங்கிலத்தில் லிம்பெற். தேன் நிறத்தில் கண்ணாடிபோன்ற ஓடு. அதன் முதுகில் ஊசியால் கீறியதுபோல மூன்று நாலு நீலக் கோடுகள். வெளிச்சத்தில் திருப்பினால் அந்தக் கோடுகள் மின்னும். இதுவும் ஊரி வகைதானே என்று கேட்டேன். எங்கள் ஊர் ஒழுங்கைகளில் மண்ணுக்கு மேல் பரவுகிற ஊரி என்ற சின்னக் கடற்சங்குகளை ஆரணிக்கு நான் படத்தில் காட்டியிருக்கிறேன். "கசின்ஸ்" என்றாள்.

போத்தல் மூடியைத் திறக்க இரண்டு கை வேண்டும். அவளிடம் ஒன்றுதான் இருந்தது. அப்படித்தான் நான் அவளுக்கு உதவியாளன் ஆனேன். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தவன், இங்கே கவுன்சிலில் வாகனம் நிறுத்தும் தண்டங்களை எதிர்த்து மக்கள் எழுதும் கடிதங்களை வாசித்து முடிவு சொல்கிறவன். இரண்டு நிமிடம்தான் நிறுத்தினேன் என்று எல்லோரும் எழுதுவார்கள். அந்தக் கடிதங்களுக்குப் பிறகு, உப்பைக் கரைத்து, அளந்து, தண்ணீர் மாற்றும் வேலை எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் அவள் நத்தை தின்ற இலைத்துண்டு ஒன்றையும் தின்னாத துண்டு ஒன்றையும் எடுத்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சின்னப் பையைக் கொளுவி, கரண்டி கரண்டியாக மணல் போடச் சொன்னாள். தின்னாத இலை நீண்டு நீண்டு தாங்கியது. மற்றதில் மிளகளவில் ஒரு குழிதான் இருந்தது. நான் எட்டாவது கரண்டியைப் போட்டதும் சரியாக அந்தக் குழியில் தொடங்கிக் குறுக்கே கிழிந்தது. "பாத்தீங்களா அப்பா, நத்தை தின்னுறது கொஞ்சம்தான். கிழிக்கிறது அலை" என்றாள். அமைதியான கடலில் அந்தக் குழியால் ஒரு கேடும் இல்லையாம். இலை அடியில் இருந்து வளர்ந்துகொண்டே இருக்கும், பழைய நுனி தானாக உதிரும். புயல் வரும்போதுதான் குழி எங்கே இருக்கிறது என்று அலை தேடிக் கண்டுபிடிக்கும்.

அப்படியென்றால் இந்த நத்தைகள் காட்டுக்குப் பகை என்று நான் முடிவு கட்டினேன். வேலையில் எனக்கு முடிவு கட்டித்தான் பழக்கம். ஆரணி அப்படி இல்லை என்றாள். இலையில் படியும் பாசியையும் இந்தப் பிராணிகள் சுரண்டித் தின்னும். அப்போது இலைக்கு வெளிச்சம் கிடைக்கும். ஒரு மரம் கழன்று போனால் அந்த இடைவெளியில் வெயில் இறங்கிக் குஞ்சுக் கெல்ப்கள் எழும்பும். கழன்றது கரையில் ஒதுங்கி இன்னும் எத்தனையோ பிராணிக்குச் சாப்பாடு. கடல் சூடாகி இலை மெலிந்து, புயல்களும் அடிக்கடி வந்தால், இதே பழைய சின்னக் கடிகளைக் காடு தாங்குமா என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்கத்தான் இந்தப் போத்தல்கள். நான் தலையாட்டினேன். உள்ளுக்குள், இந்தக் கேள்விக்கு வேறு வீட்டுப் பிள்ளை யாராவது விடை தேடட்டுமே என்றுதான் நினைத்தேன். இனிக் கடலுக்குப் போகத் தேவையில்லைத்தானே, எல்லாம் போத்தலில் இருக்கிறதே என்று இரண்டு மூன்று தரம் கேட்டேன். கரையில் எண்ண வேண்டிய வேலை ஒன்று மிச்சம், ஆனால் மேகனே அதைச் செய்துவிடுவாள் என்றாள். அந்தப் பதிலை நான் பத்திரமாகப் பிடித்துக்கொண்டேன்.

தீபாவளி வந்தது. ஆட்டிறைச்சியும் நண்டும் சமைத்துச் சாப்பிட்டோம். அடுத்த நாள் அமாவாசை, அதற்கடுத்த நாள் சஷ்டி விரதம் தொடக்கம். அமாவாசையன்று வதனிக்கு மருந்துக்கடையில் பின்னேர ஷிப்ட். ஆரணி மாவுக்கட்டு வெட்டியபின் பேராசிரியரைப் பார்க்க இரண்டு நாள் டெவனுக்குப் போயிருந்தாள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டை விரதத்துக்குத் துப்புரவாக்க இறங்கினேன். எங்கள் பக்கத்தில் மீன், இறைச்சி எல்லாவற்றுக்கும் மச்சம் என்று பெயர். விரதம் தொடங்கமுதல் மச்சச் சட்டிகளைப் புறம்பாக வைத்து, அடுப்பு, மேசை, ஃபிரிட்ஜ் எல்லாம் மஞ்சள் தண்ணீரால் துடைத்து, மச்சத்தின் வாசம்கூட இல்லாமல் ஆக்கவேண்டும். வதனிக்கு அது அரை மணித்தியால வேலை. எனக்கு முதல் விரதம், அதுவும் நேர்த்திக்கடன். மிஞ்சிய கறியைக் கொண்டுபோய் நாலு வீடு தள்ளி இருக்கும் மலேசியத் தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்தேன். குசினி முடிந்தது. அப்போது கராஜ் ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வதனி இறால் பை ஒன்று வைத்திருப்பது நினைவுக்கு வந்தது.

இறாலை எடுத்த பிறகு நான் நத்தைகளைப் பார்த்தபடி நின்றேன். மச்சமா, இல்லையா. தின்பதற்கு வைத்தவை அல்ல. ஆனால் கடற்பிராணி. வாசமும் கடல் வாசம்தான். நேர்த்தியில் ஒரு பிசகும் வரக்கூடாது என்ற பயம் எனக்கு. முப்பது போத்தலையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். சுவிட்சை நிறுத்தினேன், குமிழி விடும் மோட்டாரும் அதே வயரில்தான் இருந்தது. தட்டுகளை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, உள்ளே காய்வதற்காகக் கதவுக்கு இடையில் ஒரு தடியை வைத்தேன். போத்தல்களை எங்கே வைப்பது? நவம்பர் மாதம், சீமெந்துத் தரை ஐஸாக இருந்தது. பாவம், குளிரில் விறைக்கப் போகின்றன என்று, கராஜ் மூலையில் வெந்நீர் பொயிலருக்கு மேலே இருக்கும் பலகையில் வரிசையாக அடுக்கினேன். பத்துப் பாகை என்று ஒவ்வொரு நாளும் என் கையாலேயே எழுதியவன் நான். வெப்பத்தைப் பற்றிப் பட்டம் எடுத்தவன். அந்த நேரத்தில் என் தலையில் மச்சத்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை. காலையில் திரும்ப வைக்கலாம் என்று நினைத்தேன். காலையில் தோய்ந்து, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போய், அங்கிருந்து நேரே வேலைக்குப் போய்விட்டேன்.

அன்று பின்னேரம் ஆரணிதான் கராஜைத் திறந்தாள். நான் வீட்டுக்குள் வந்தபோது தாயும் மகளும் அங்கே நின்றார்கள். சாதாழை அழுகும் அதே மணம், முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு, இல்ஃபோர்ட்டில். இலைகள் கூழாகியிருந்தன. நத்தைகள் கண்ணாடியில் ஏறக்கூடிய உயரம்வரை ஏறி, மூடியின் அடியில் சேர்ந்து செத்திருந்தன. ஆரணி குனிந்து ஒவ்வொரு போத்தலாகப் பார்த்துக்கொண்டு போனாள். வதனி என்னைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, முருகனே ஆறு நாள் எடுத்தவர். நீங்கள் முதல் நாளே சங்காரத்தை முடிச்சிட்டியள்" என்றாள். ஆரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பேராசிரியருக்கு நானே கடிதம் எழுதுகிறேன், பிழை முழுவதும் என்னுடையது, பிள்ளைக்கு அவகாசம் கொடுங்கள் என்று எழுதுகிறேன் என்றேன். மன்னிப்புக் கடிதம் எப்படி இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியாதா? அவகாசம் கிடைக்கும், ஆனால் நத்தை கிடைக்காது என்றாள். கரைக்குப் போய்த்தான் எடுக்கவேண்டும். அடுத்த பறுவத்துக்குக் கடல் வற்றும். நான் சுவரில் தொங்கிய தமிழ் நாட்காட்டியைப் பார்த்தேன். அவள் தன் தொலைபேசியில் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நாளைத்தான் காட்டின. அவளைக் கடலில் இருந்து மீட்டதற்காக நேர்ந்த விரதம், அவளை அதே கடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. அது எனக்கு அங்கேயே விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. போத்தல்களைப் பொயிலருக்கு மேல் அடுக்கியபோது, இது இத்தோடு முடியட்டும் என்று என் மனதின் ஒரு மூலை ஆசைப்பட்டதா என்று என்னையே கேட்டேன். இல்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"மேகன் எடுக்கட்டும். நீ போக ஏலாது" என்றேன். அவள் போத்தலைக் கீழே வைத்தாள். அதுவரை எனக்குச் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னாள். தாய்க்கு முதலே தெரிந்திருக்கிறது.

"அப்பா, அண்டைக்குத் தண்ணிக்குள்ள நான் ஒரு கெல்ப்பைப் பிடிச்சனான். அது கையோட வந்திட்டுது."

"ஏன்?"

"அடி கோது, உள்ளுக்க வெறும் ஓட்டை. இந்த லிம்பெற் வளர்ந்தாப் பிறகு இலையை விட்டிட்டுக் கீழ இறங்கி, பாறையைப் பிடிக்கிற இடத்துக்குள்ள குடைஞ்சுகொண்டு இருக்கும். வெளியால பாத்தாத் தெரியாது."

"பிறகு?"

"பக்கத்தில நிண்டதைப் பிடிச்சன். அது விடேல்லை. போட் வருமட்டும் விடேல்லை." அடுத்த போத்தலை எடுத்தபடி, "மேகன் எண்ணலாம்தான். ஆனா அங்க எத்தினை கோது, எத்தினை முழுசு எண்டு எனக்குத்தான் தெரியவேணும்" என்றாள்.

ஆறு நாளும் விரதம் இருந்தேன். பகல் முழுவதும் தண்ணீர், இரவில் பாலும் பழமும். நத்தைகளைக் கொன்ற கையால் பிடிக்கும் விரதம் செல்லுமா என்று குருக்களிடம் கேட்க நினைத்தேன். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை. வேலையில் ஒரு கடிதம் வந்தது. மகளை ஹொஸ்பிற்றல் வாசலில் இறக்க இரண்டு நிமிடம் நிறுத்தினேன் என்று ஒரு தகப்பன் எழுதியிருந்தார். ஆதாரம் ஒன்றும் இணைக்கவில்லை. தண்டத்தை நீக்கினேன். ஏழாம் நாள் விரதம் முடிக்கும் பாறணைச் சோற்றை வதனி போட்டுத் தரும்போது, பறுவத்துக்குப் பிள்ளையோடு நானும் போகிறேன் என்றேன். நீந்தத் தெரியாத நீங்கள் போய் என்ன செய்வீர்கள் என்று அவள் கேட்டாள். கரையில் நிற்பேன் என்றேன். "நிண்டு?" என்றாள்.

பதிலை ஆரணி வைத்திருந்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவர்களுக்குப் புதுக் கட்டுப்பாடு. இறங்குகிறவர்களைத் தவிர ஒருவர் கரையில் மணிக்கூடும் விசிலும் வைத்துக்கொண்டு நிற்கவேண்டும். குறித்த நேரத்தில் விசில் அடித்தால், கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு வரவேண்டும். பறுவத்துக்கு முதல் நாள் இல்ஃபோர்ட்டில் இருந்து எலிசபெத் லைனில் பாடிங்டன், அங்கிருந்து டெவன். அடுத்த நாள் மத்தியானம் அந்தக் கரைக்குப் போனோம். கடல் உள்வாங்கி, இதுவரை நான் கண்டிராத ஒரு தரை வெளியே தெரிந்தது. மண்ணிறக் காம்புகள் தலை சாய்த்து, இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து மினுங்கின. ஒரு காட்டை அதன் உச்சியிலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. ஆரணி விசிலை என் கழுத்தில் மாட்டினாள். "ஒண்டு பத்துக்கு அடியுங்கோ. முதல்ல அடிச்சா நான் நம்ப மாட்டன், பிந்தி அடிச்சா எனக்குக் கேக்காது" என்றாள். அவள் பகிடியாகத்தான் சொன்னாள்.

நாயோடு ஒரு வயதான மனிதர் வந்தார். பாறைகளில் நின்ற பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "ஓ, அந்தப் பிள்ளை திரும்ப வந்துவிட்டாளா, நல்லது" என்றார். அன்று தகவல் கொடுத்தவர் இவர்தான் என்று அப்போது விளங்கியது. அவரது கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவர் சங்கடப்பட்டு, நாய்தான் முதலில் குரைத்தது என்றார். எனக்குள் ஒரு கோபமும் இருந்தது. அதென்ன நல்லது? எங்கள் ஊர்க் கரையில் ஒரு மனிதர் இப்படி வந்திருந்தால், சாகக் கிடந்த பிள்ளையை ஏன் காணும் திரும்ப விட்டீர் என்று என்னைக் கிழித்திருப்பார். அந்தத் திட்டுக்காகவே நான் காத்திருந்தேன் போலிருக்கிறது. அவர் திட்டவில்லை. உங்களுக்குக் குளிரவில்லையா என்று கேட்டுவிட்டு, என் பக்கத்தில் நின்றார். வெகுநேரம் நின்றார். தன் மணிக்கூட்டையும் இரண்டு தரம் பார்த்தார். அவரும் காவல்தான் நிற்கிறார் என்று எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

ஆரணி ஒவ்வொரு கெல்ப்பின் அடியிலும் விரலை விட்டுப் பார்த்துக் கத்துவாள். நான் பலகையில் எழுதவேண்டும். கோது என்றால் "கோ", முழுசு என்றால் "மு". அவள் ஆங்கிலத்தில் கத்தினாலும் என் கை தமிழில்தான் எழுதியது. மேகன் நத்தைகளைப் பெட்டியில் சேர்த்தாள். பன்னிரண்டே முக்காலுக்கு ஒரு அலை மற்றவற்றைவிட உயரமாக வந்து ஆரணியின் இடுப்பில் பட்டது. விசில் என் வாயில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. அடித்தால் வந்துவிடுவாள். ஆனால் இருபத்தைந்து நிமிடம் குறையும். எண்ணிக்கை அரைகுறையாகும். அதற்குப் பிறகு என் விசிலை அவள் ஒருநாளும் நம்பமாட்டாள். அடுத்த அலை வந்தது. அவள் குனிந்து ஒரு காம்பைப் பிடித்து, இழுத்துப் பார்த்து, நின்று, "முழுசு" என்று தமிழில் கத்தினாள். விசிலை வாயில் இருந்து எடுத்தேன். "மு" என்று எழுதினேன். ஒன்று பத்துவரை அப்படியே எழுதிக்கொண்டு நின்றேன். அடித்ததும் அவள் அந்த நொடியிலேயே கையில் இருந்ததைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். நாய்க்காரர் தலையை அசைத்துவிட்டுத் தன் வழியே போனார்.

அன்று வந்த நத்தைகள்தான் இப்போது எங்கள் கராஜில் இருப்பவை. பெட்டியை ரயிலில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஃபிரிட்ஜ் கதவில் வதனி கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: இது மச்சம் இல்லை.

ஆனால் அந்தக் கரையில் இருந்து புறப்படுவதற்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பிள்ளைகள் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். விசிலை ஆரணியிடம் கொடுத்துவிட்டுக் கரையோரம் கொஞ்சம் நடந்தேன். அலை எட்டும் இடத்தில் ஒரு கெல்ப் கிடந்தது. ஏதோ ஒரு புயலில் வந்திருக்கவேண்டும். குனிந்து அதன் அடிக்குள் விரலை விட்டேன். குழி இல்லை. வேர்கள் மாதிரித் தெரிந்த அந்த விரல்கள் எல்லாம் சேர்ந்து, தேங்காய் அளவில் ஒரு கல்லை இறுக்கிப் பிடித்திருந்தன. அவை வேர்கள் அல்ல, ஒன்றையும் உறிஞ்சுவதில்லை, பிடிப்பதற்கு மட்டும்தான் என்று ஆரணி சொல்லியிருக்கிறாள். இது பிடியை விடவில்லை. கல்லையும் கொண்டு வந்துவிட்டது. ஒரு விரலையாவது கல்லில் இருந்து பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அலை வந்தபோது இலை எழும்பிக் கடலுக்குள் நீந்தத் தொடங்கியது. கல் மணலில் கிடந்தது. அலை போனதும் இலை படுத்துவிட்டது. அடுத்த அலைக்குத் திரும்பவும் எழும்பியது. கடல் அதை எடுத்துக்கொள்ளப் போகிறதா, கரை வைத்துக்கொள்ளப் போகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின்னால் விசில் கேட்டது. குனிந்து பார்த்தேன். தண்ணீர் என் முழங்காலுக்கு வந்திருந்தது. கரையில் ஆரணி, ஒரு கையில் விசில், மற்றக் கையால் என்னை வரச்சொல்லி ஆட்டிக்கொண்டு நின்றாள். இரண்டடி பின்னுக்கு வைத்தேன். அந்த இலை இன்னொரு தரம் எழும்பியது. விசில் இன்னொரு தரம் கேட்டது.